வேன் பேட்டரி அடிக்கடி இறங்குகிறதா? மல்ட்டி மீட்டரால் கண்டறியலாம்

கம்ப்யூட்டர் இதழில் வேனுக்கு என்ன வேலை என்று நினைக்க வேண்டாம். கம்ப்யூட்டர் வாங்கிய கையோடு யு.பி.எஸ். பேட்டரியைச் சோதிக்க நம்மில் பலர் ஒரு டிஜிட்டல் மல்ட்டி மீட்டரையும் வாங்கி வைத்திருக்கிறோம். சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் அந்தச் சிறிய மஞ்சள் மீட்டர் போதும். வாசலில் நிற்கும் வேனின் சார்ஜிங் அமைப்பில் எங்கே கோளாறு என்பதை அதைக் கொண்டு நீங்களே கண்டறிந்துவிடலாம்.

காலையில் சாவியைத் திருப்புகிறீர்கள். "டக்" என்று ஒரு சத்தம் மட்டும் வருகிறது, செல்ப் எடுக்கவில்லை. நாலு பேரைக் கூப்பிட்டுத் தள்ளி ஸ்டார்ட் செய்கிறீர்கள். இரண்டு நாட்களில் மீண்டும் அதே கதை. உடனே எல்லாரும் சொல்வது, "பேட்டரி போச்சு, மாத்திடுங்க" என்பதுதான். சில ஆயிரம் ரூபாய் செலவழித்துப் புதிய பேட்டரி போட்டால் வண்டி ஜம்மென்று ஸ்டார்ட் ஆகிறது. ஆனால் ஒரு வாரமோ இரண்டு வாரமோ கழித்துப் புதிய பேட்டரியும் படுத்துவிடுகிறது. கடையிலிருந்து வரும்போதே அந்தப் பேட்டரியில் சார்ஜ் இருந்தது. வேன் அதைச் சாப்பிட்டு ஓடியதே தவிர, திரும்ப எதையும் அதில் போடவில்லை. எஸ்.எம்.பி.எஸ். பழுதாகி அடிக்கடி ரீஸ்டார்ட் ஆகும் கம்ப்யூட்டரில், விண்டோஸை மீண்டும் மீண்டும் இன்ஸ்டால் செய்வது போன்றதுதான் இது.

பள்ளிப் பிள்ளைகளை ஏற்றிச் செல்லும் வேனாக இருந்தால் இது பணத்தோடு முடியும் விஷயமும் இல்லை. ரயில்வே கேட்டுக்கு முன் வண்டி அணைந்துபோய், திரும்ப ஸ்டார்ட் ஆகாமல் நின்றால் என்ன ஆகும் என்று எண்ணிப் பாருங்கள்.

உதாரணத்திற்கு மாருதி ஆம்னியை எடுத்துக்கொள்வோம். 1984ல் வந்து, 2019ல் தயாரிப்பு நிறுத்தப்பட்ட வண்டி என்றாலும் இன்னும் நம் தெருக்களில் ஓடிக்கொண்டிருக்கிறது. இதில் உள்ள முறை எளிமையானது. ஒருமுறை புரிந்துகொண்டால் மற்ற வேன்களுக்கும் கார்களுக்கும் பெரும்பாலும் அதையே பின்பற்றலாம்.

என்ஜினில் ஒரு எஸ்.எம்.பி.எஸ்.

என்ஜின் ஓடும்போது மின்சாரம் தருவது ஆல்டர்னேட்டர். நம் ஊர் மெக்கானிக்குகள் இன்றும் இதனை டைனமோ என்றே அழைக்கின்றனர். என்ஜின் ஒரு பெல்ட் மூலம் இதைச் சுற்றுகிறது. உள்ளே மூன்று பேஸ் ஏ.சி. மின்சாரம் உருவாகிறது. பேட்டரிக்கு ஏ.சி. ஆகாது என்பதால், பொதுவாக ஆறு டயோடுகள் சேர்ந்து அதனை டி.சி.யாக மாற்றுகின்றன. கம்ப்யூட்டரின் எஸ்.எம்.பி.எஸ். உள்ளேயும் ஏ.சி.யை டி.சி.யாக மாற்றும் டயோடுகள் இருக்கின்றன அல்லவா? வேலை ஏறக்குறைய அதுதான்.

என்ஜின் வேகமாகச் சுற்றினால் வோல்டேஜும் எகிறும். அதைக் கட்டுக்குள் வைப்பது ரெகுலேட்டர். சுற்றும் காந்தச் சுருளுக்குக் கார்பன் பிரஷ் வழியாகச் செல்லும் கரண்ட்டைக் கூட்டியும் குறைத்தும், வெளியே வரும் வோல்டேஜை 14 வோல்ட் பக்கத்திலேயே இது பிடித்து வைக்கிறது. பெல்ட், பிரஷ், ரெகுலேட்டர், டயோடு, பேட்டரி வரை செல்லும் வயர், பேட்டரி என இவற்றில் எது கெட்டாலும் உங்களுக்குத் தெரியும் அறிகுறி ஒன்றுதான்: காலையில் வண்டி ஸ்டார்ட் ஆகாது. அறிகுறியை வைத்து ஊகிக்காமல் அளந்து பார்க்க வேண்டும் என்பது அதனால்தான்.

மீட்டரைத் தயார் செய்திடுங்கள்

கறுப்பு வயரை காமன் என்று குறிக்கப்பட்ட துளையிலும், சிவப்பு வயரை வோல்டேஜ் அளக்கும் துளையிலும் செருகுங்கள். டயலை டி.சி. 20 வோல்ட்டில் வைத்திடவும். டி.சி. என்பதற்கு ஒரு நேர்கோடும் அதன் கீழே புள்ளிக்கோடும் அடையாளமாக இருக்கும். 10 ஆம்பியர் என்று போட்டிருக்கும் மூன்றாவது துளையில் சிவப்பு வயர் இருக்கக் கூடாது. அங்கே இருக்கும்போது பேட்டரியின் இரு முனைகளையும் தொட்டால் அது நேரடி ஷார்ட் சர்க்யூட். பல மலிவு மீட்டர்களில் அந்தத் துளைக்கு ப்யூஸ் கூடக் கிடையாது. வயர் உருகிக் கையைச் சுட்டுவிடும்.

வண்டி நியூட்ரலில் இருக்கட்டும். ஹேண்ட் பிரேக் போட்டிருக்கட்டும். மோதிரம், கைக்கடிகாரத்தைக் கழற்றி வையுங்கள். துப்பட்டா, துண்டு போன்றவை சுற்றும் பெல்ட் அருகே போகக் கூடாது. ஆம்னியில் என்ஜின் முன் சீட்டுகளுக்கு அடியில் இருக்கிறது. சீட்டைத் தூக்கி வைத்துவிட்டால், வெளியே நின்றபடிதான் சாவியைத் திருப்ப வேண்டியிருக்கும். கியரில் இருந்தால் வண்டி குதித்துவிடும். நியூட்ரல் என்பதை இரண்டு முறை பார்த்துக்கொள்ளுங்கள். பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வாயு வெளியேறும் என்பதால் பீடி, சிகரெட், தீக்குச்சி எதுவும் பக்கத்தில் வேண்டாம்.

முதல் மூன்று அளவுகள்

முதல் அளவை வண்டி இரவு முழுக்க ஓய்வாக நின்ற பின் காலையில் எடுங்கள். ஓடி நின்ற உடனே அளந்தால் பேட்டரி பொய்யாகக் கூடுதல் வோல்டேஜ் காட்டும். நல்ல நிலையில் முழு சார்ஜ் உள்ள பேட்டரி 12.6 வோல்ட் அல்லது சற்று அதிகம் காட்டும். 12.4 என்றால் ஏறக்குறைய முக்கால் பங்கு; 12.2 என்றால் பாதி, 12.0 என்றால் கால் பங்குதான் மிச்சம். பன்னிரண்டு வோல்ட் பேட்டரியில் 12.0 காட்டுகிறதே, சரிதானே என்று பலர் ஏமாறுவது இங்குதான். இரவு முழுக்கச் சார்ஜரில் போட்ட பின்னும் 10.5 வோல்ட் அளவிலேயே நின்றால், உள்ளே உள்ள ஆறு செல்களில் ஒன்று செத்துவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம். அந்தப் பேட்டரியை மாற்றத்தான் வேண்டும்.

இரண்டாவது அளவு, ஒருவர் சாவியைத் திருப்பி செல்ப் அடிக்கும்போது. வோல்டேஜ் சட்டென்று இறங்கும். 9.6 வோல்ட்டுக்குக் கீழே போகாதவரை கவலையில்லை. முதல் அளவில் 12.6 காட்டிய பேட்டரி, செல்ப் அடிக்கும்போது 8 அல்லது 7 என்று சரிந்தால் பேட்டரிக்குள் தெம்பு இல்லை என்று பொருள். வோல்டேஜ் சரியாமல் 12க்கு மேலேயே நிற்கிறது, ஆனால் செல்ப் சுற்றவில்லை என்றால் பேட்டரி மேல் பழி போடாதீர்கள். கரண்ட் மோட்டாருக்குப் போய்ச் சேரவில்லை. பேட்டரி முனைகளில் பச்சையும் வெள்ளையுமாகப் பூத்திருக்கிறதா, எர்த் வயர் தளர்ந்திருக்கிறதா, ஸ்டார்ட்டர் சுவிட்ச் வேலை செய்கிறதா என்று பாருங்கள்.

மூன்றாவது அளவுதான் முக்கியமானது. என்ஜினை ஓடவிட்டு, சற்று ஆக்சிலேட்டர் கொடுத்து, மீண்டும் பேட்டரி முனைகளில் அளந்திடுங்கள். 13.8 முதல் 14.5 வரை காட்டினால் சார்ஜிங் நடக்கிறது. அத்துடன் விட்டுவிடாதீர்கள். ஹெட்லைட், வைப்பர், உள்ளே இருக்கும் மின்விசிறி, பாட்டுப் பெட்டி என எல்லாவற்றையும் போட்டுவிட்டு மறுபடி பாருங்கள். 13.5 அளவிலாவது நிற்க வேண்டும். சும்மா நிற்கும்போது 14 காட்டிவிட்டு, லைட் போட்டதும் 12.5க்கு இறங்கினால் ஆல்டர்னேட்டர் தன் முழு வேலையைச் செய்யவில்லை. பகலில் நன்றாக ஓடி, இரவுப் பயணத்துக்கு மறுநாள் காலை மக்கர் செய்யும் வண்டிகளின் ரகசியம் இதுதான்.

என்ஜின் ஓடும்போதும் 12.4, 12.3 என்று மெல்ல இறங்கிக்கொண்டே போகிறதா? சார்ஜிங் சுத்தமாக இல்லை. 15 வோல்ட்டைத் தாண்டுகிறதா? ரெகுலேட்டர் பழுது. இந்த நிலையில் பேட்டரியில் தண்ணீர் வேகமாகக் குறையும், அழுகிய முட்டை நாற்றம் வரும், பல்புகள் அடிக்கடி போகும். பேட்டரி சூடாகிக் கொதிக்கும் அளவுக்குப் போகலாம். இந்த வண்டியைச் சரிசெய்யும்வரை ஓட்டாமல் இருப்பது நல்லது.

சார்ஜ் இல்லை என்றால் எங்கே தேடுவது?

செலவில்லாத இடத்திலிருந்து தொடங்குங்கள். என்ஜினை நிறுத்திவிட்டு பெல்ட்டைக் கட்டை விரலால் அழுத்திப் பாருங்கள். ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் அமுங்கினால் சரி. தொளதொளவென்று இருந்தாலோ, உள்பக்கம் கண்ணாடி போல வழவழப்பாகிவிட்டிருந்தாலோ பெல்ட் வழுக்குகிறது. காலையில் ஸ்டார்ட் செய்ததும் "கீச்" என்று கத்துவதும், ஹெட்லைட் போட்டதும் கத்துவதும் இதனால்தான். பல என்ஜின்களில் வாட்டர் பம்ப்பைச் சுற்றுவதும் இதே பெல்ட்தான். எனவே ஓடும்போது சார்ஜ் விளக்கு திடீரென எரிந்து, கூடவே டெம்பரேச்சர் முள்ளும் ஏறினால் பெல்ட் அறுந்திருக்கலாம். வீடு பக்கத்தில்தானே என்று ஓட்டாதீர்கள். என்ஜின் சீஸாகிவிட்டால், அந்தச் செலவில் பல பேட்டரி வாங்கலாம்.

அடுத்து, டாஷ்போர்டில் இருக்கும் சிவப்பு நிற பேட்டரி விளக்கு. இதன் ஒரு பக்கம் இக்னிஷன் வழியாகப் பேட்டரியுடனும், மறுபக்கம் ஆல்டர்னேட்டருடனும் இணைக்கப்பட்டுள்ளது. சாவி போட்டு என்ஜின் ஓடாதபோது ஒரு பக்கம் மட்டும் வோல்டேஜ் இருப்பதால் விளக்கு எரியும். ஆல்டர்னேட்டர் வேலை செய்யத் தொடங்கியதும் இரு பக்கமும் சமமாகி விளக்கு அணைந்துவிடும். விளக்கு அணைந்துவிட்டதே, எல்லாம் சரி என்று முடிவு கட்ட முடியாது. சார்ஜ் எவ்வளவு என்பதை அது சொல்வதில்லை. இன்னொன்றும் உண்டு. என்ஜினை ஸ்டார்ட் செய்யும் முன், சாவி போட்டதும் இந்த விளக்கு எரிந்தே ஆக வேண்டும். எரியவில்லை என்றால் பல்ப் போயிருக்கலாம். பழைய வகை ஆல்டர்னேட்டர்கள் பலவற்றில் தொடக்கக் காந்த சக்திக்கான கரண்ட் இந்த பல்ப் வழியாகத்தான் செல்கிறது. சிறிய பல்ப் ஒன்று போனதற்காக ஆல்டர்னேட்டரையே மாற்றிக்கொண்டவர்கள் உண்டு. பல்ப் நன்றாக இருந்தால் அதற்கான ப்யூஸையும், ஆல்டர்னேட்டரின் பின்னால் செருகியிருக்கும் கனெக்டரையும் பாருங்கள்.

வயரில் திருடு போகும் வோல்டேஜ்

எனக்கு மிகவும் பிடித்த சோதனை இது. மெக்கானிக்குகள் அவசரத்தில் விட்டுவிடுவதும் இதைத்தான். என்ஜின் ஓடட்டும், ஹெட்லைட் எரியட்டும். மீட்டரின் சிவப்பு முனையை ஆல்டர்னேட்டரின் பின்னால் உள்ள தடித்த வயரின் போல்ட்டிலும், கறுப்பு முனையை பேட்டரியின் பாசிட்டிவ் முனையிலும் வையுங்கள். ஒரே வயரின் இரு முனைகள்தானே, பூஜ்யம் காட்ட வேண்டாமா என்று கேட்கலாம். நல்ல வயரில் 0.1, 0.2 என்ற அளவில் காட்டும். 0.3க்கு மேல் போனால் வழியில் எங்கோ தடை இருக்கிறது. அதே போல ஆல்டர்னேட்டரின் உடம்பிலிருந்து பேட்டரி நெகட்டிவ் முனைக்கும் அளந்திடுங்கள். அது 0.2ஐத் தாண்டினால் எர்த் சரியில்லை.

இரண்டு பேட்டரி மாற்றியும் சரியாகாத ஒரு பள்ளி வேனில் ஆல்டர்னேட்டர் பக்கம் 14.3 வோல்ட், பேட்டரி பக்கம் 12.5 வோல்ட். நடுவில் 1.8 வோல்ட் காணோம். தடித்த வயரின் முனை வளையம் கருகித் தளர்ந்து போயிருந்தது. உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, வளையத்தை மாற்றி முடுக்கியதும் பேட்டரியில் 14.1 வந்துவிட்டது. கவனிக்கவும்: அந்தப் போல்ட்டில் என்ஜின் நின்றிருந்தாலும் எப்போதும் பேட்டரி மின்சாரம் இருக்கும். ஸ்பேனர் வைக்கும் முன் பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றிவிடுங்கள்.

டயோடு போயிருக்கிறதா என்பதையும் இதே மீட்டரில் பார்க்கலாம். டயலை ஏ.சி. வோல்டேஜில் வைத்து, என்ஜின் ஓடும்போது பேட்டரி முனைகளில் அளந்திடுங்கள். 0.5 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் டயோடு ஒன்று பழுதாகியிருக்க வாய்ப்பு அதிகம். ஆனால் சில மலிவு மீட்டர்கள் டி.சி.யையே ஏ.சி. என்று எண்ணி ஏதோ ஒரு எண்ணைக் காட்டும். எனவே முதலில் என்ஜினை நிறுத்தி வைத்து இதே சோதனையைச் செய்திடுங்கள். அப்போது பூஜ்யம் காட்டாத மீட்டரை இந்த வேலைக்கு நம்ப வேண்டாம். மலிவு மீட்டர்களில் ஏ.சி. அளவு 200 வோல்ட்டிலிருந்தே தொடங்குவதால் இவ்வளவு சிறிய மாற்றம் தெளிவாகத் தெரியாமலும் போகலாம்.

வண்டி நிற்கும்போதே இறங்கினால்

மூன்று அளவுகளும் சரியாக இருக்கின்றன. ஆனாலும் திங்கட்கிழமை காலையில் மட்டும் வண்டி ஸ்டார்ட் ஆவதில்லையா? அப்படியானால் வண்டி நிற்கும்போது எதுவோ பேட்டரியை உறிஞ்சுகிறது. கணக்குப் போட்டுப் பாருங்கள். வெள்ளி மாலை 6 மணியிலிருந்து திங்கள் காலை 6 மணி வரை 60 மணி நேரம். அரை ஆம்பியர் கசிந்தால் 30 ஆம்பியர் மணி போய்விடும். உங்கள் பேட்டரி 35 ஆம்பியர் மணி என்றால் மிச்சம் என்ன இருக்கும்?

இதனைக் கண்டறிய சாவியை எடுத்துவிட்டு, கதவுகளை மூடி, பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றுங்கள். இப்போதுதான் மீட்டரின் சிவப்பு வயர் 10 ஆம்பியர் துளைக்குப் போக வேண்டும். டயலும் 10 ஆம்பியரில். கழற்றிய வயருக்கும் நெகட்டிவ் முனைக்கும் இடையில் மீட்டரை இணைத்திடுங்கள். மீட்டர் இணைந்திருக்கும்போது செல்ப் அடிக்கவோ ஹார்ன் அழுத்தவோ கூடாது. 0.05 ஆம்பியர், அதாவது 50 மில்லி ஆம்பியருக்குள் இருந்தால் பரவாயில்லை. கூடுதலாக இருந்தால் ப்யூஸ்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பாருங்கள். எதை எடுக்கும்போது எண் சட்டென்று குறைகிறதோ, அந்த வழியில்தான் கசிவு. பெரும்பாலும் பின்னால் மாட்டிய ஸ்டீரியோ, அலங்கார எல்.இ.டி. விளக்குகள், ஜி.பி.எஸ். டிராக்கர் ஆகியவைதான் மாட்டும். எல்லா ப்யூஸையும் எடுத்த பின்னும் கசிகிறது என்றால் ஆல்டர்னேட்டர் டயோடைச் சந்தேகப்படலாம். சோதனை முடிந்ததும் சிவப்பு வயரை மறக்காமல் வோல்டேஜ் துளைக்கு மாற்றிவிடுங்கள்.

வேனில் உட்கார்ந்து சிகரெட் லைட்டர் இன்வெர்ட்டர் மூலம் லேப்டாப்பை இயக்குபவர்களுக்கு ஒரு வார்த்தை. 65 வாட் லேப்டாப் சார்ஜர், இன்வெர்ட்டர் இழப்பையும் சேர்த்தால் முழு லோடில் பேட்டரியிலிருந்து ஏறக்குறைய 6 ஆம்பியர் இழுக்கும். என்ஜின் நின்றிருக்க மூன்று மணி நேரம் வேலை பார்த்தால் 35 ஆம்பியர் மணி பேட்டரியில் பாதி காலி. வேனில் எந்தக் கோளாறும் இல்லாமலே செல்ப் எடுக்காமல் போகும்.

புதிய வண்டி வைத்திருப்பவர்களுக்கு

அண்மைக்கால வண்டிகள் பலவற்றில் ஆல்டர்னேட்டரை இ.சி.யு. என்னும் கம்ப்யூட்டரே கட்டுப்படுத்துகிறது. எரிபொருளை மிச்சப்படுத்த, பேட்டரி நிறைந்ததும் வோல்டேஜை வேண்டுமென்றே குறைக்கும். அதில் 12.8 காட்டினால் பதற வேண்டாம். ஹெட்லைட், மின்விசிறி போட்டுச் சற்று நேரம் கழித்து மீண்டும் பாருங்கள். இந்த வண்டிகளில் ஸ்டீயரிங் அருகே ஓ.பி.டி. என்ற கனெக்டர் இருக்கும். ஈ.எல்.எம். 327 வகை ப்ளூடூத் கருவி ஒன்றைச் செருகினால், ஆண்ட்ராய்ட் போனில் வோல்டேஜை ஓடும்போதே பார்க்கலாம். பி0562 என்ற கோட் வந்தால் வோல்டேஜ் குறைவு, பி0563 என்றால் அதிகம். கோட் சொல்வது அறிகுறியை மட்டும்தான். அதைப் பார்த்து உடனே பாகத்தை மாற்றாமல் மேலே சொன்ன அளவுகளை எடுத்திடுங்கள்.

என்ஜின் ஓடும்போது பேட்டரி வயரைக் கழற்றி, வண்டி அணைகிறதா என்று பார்க்கும் பழைய வழக்கம் ஒன்று உள்ளது. யார் செய்து காட்டினாலும் தடுத்துவிடுங்கள். பேட்டரி விலகிய நொடியில் ஆல்டர்னேட்டரிலிருந்து பல பத்து வோல்ட் எகிறி ரெகுலேட்டர், ஸ்டீரியோ, இ.சி.யு. என எல்லாவற்றையும் பதம் பார்க்கும். கார்புரேட்டர் வண்டிகளில் பலர் இதைச் செய்து தப்பித்திருக்கலாம். இ.சி.யு. விலையைக் கேட்டால் அந்த ஆசை போய்விடும்.

அளவுகள் அனைத்தையும் ஒரு தாளில் எழுதி எடுத்துக்கொண்டு ஆட்டோ எலெக்ட்ரீஷியனிடம் போங்கள். "பேட்டரி இறங்குது" என்று சொல்வதற்கும், "ஸ்டார்ட் செய்தும் 12.3தான் வருகிறது, பெல்ட் சரி, விளக்கு எரிகிறது, வயரில் இழப்பு இல்லை" என்று சொல்வதற்கும் வேறுபாடு உண்டு. ஆல்டர்னேட்டரை முழுதாக மாற்றும் முன் கார்பன் பிரஷ்ஷையும் ரெகுலேட்டரையும் பார்க்கச் சொல்லுங்கள். பல மாடல்களில் இவற்றைத் தனியாக மாற்றலாம். வேலை முடிந்ததும் சுத்தமாக இறங்கிய பேட்டரியைச் சார்ஜரில் நிறைத்த பின்பே மாட்டச் சொல்லுங்கள். காலிப் பேட்டரியை நிரப்பும் முழுச் சுமையும் புதிதாகச் சரிசெய்த ஆல்டர்னேட்டர் மேல் விழுந்தால் அது சூடாகிவிடும். பணம் கொடுப்பதற்கு முன், கடை வாசலிலேயே ஹெட்லைட் போட்டு மூன்றாவது அளவை ஒருமுறை எடுத்துப் பார்த்துவிடுங்கள்.